உயர்வும் ஆதாரமும்

உயர வேண்டுமென்னும் ஆசை மனிதர் எல்லோருக்கும் பொதுவாயினும், உயர்ந்து தோன்றுவதும் உண்மையில் உயர்வதும் ஒன்றுதானா என்று நின்று விசாரிப்பவர் மிகச் சிலரே. இந்த விசாரத்துக்கு உதாரணம் தேடும்போதெல்லாம், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் டாஹோ ஏரியை நோக்கிப் பாறைகளின் ஊடே செல்லும் ரூபிகான் பாதையும், 1953 முதல் அதில் அணியணியாக ஏறிவரும் ஜீப் வண்டிகளுமே என் நினைவுக்கு வருகின்றன.

பாறை அடிவயிற்றில் இடியாதபடி வண்டியை உயர்த்த விரும்புவோருக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இணைப்புத் தண்டுகள் யாவற்றையும் ஒன்றுக்கொன்று இசைவாக மாற்றுவது பெரும் பொருள் வேண்டும் மார்க்கம். பழைய சுருள் ஸ்பிரிங்கின் மேல் 2 அங்குல உயரமுள்ள பாலியூரித்தேன் வளையம் ஒன்றைச் செருகிவிடுவது சொற்பச் செலவில் முடியும் மார்க்கம். பின்னதை இகழ்வது தர்மமாகாது. ஸ்பிரிங் பழையதாகவே இருப்பதால் பிரயாணத்தின் மென்மை கெடுவதில்லை. வண்டியின் நடுவயிறு மேட்டில் சிக்குவது குறைகிறது. பெரிய டயருக்கு இடமும் கிடைக்கிறது.

ஆயினும் உயரத்துக்கு ஒரு விலை உண்டு. ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால், பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் பாதியிலேயே நின்று அந்தரத்தில் தொங்குகிறது. சாய்ந்துவிட்ட ஓட்டுதண்டு அதிர்கிறது. ஸ்டியரிங்கின் கோணங்கள் பிசகுகின்றன. இவற்றினும் முக்கியமானது, சக்கரங்களின் இடையகலம் மாறாதிருக்க ஈர்ப்பு மையம் மட்டும் மேலே ஏறுவதால், முன்பு அச்சமின்றிக் கடந்த பக்கச்சரிவிலேயே வண்டி கவிழக்கூடிய அபாயம் வளர்கிறது என்பதாகும்.

இத்தனைக்கும் மேலாக என் சிந்தையைக் கவர்ந்த உண்மை ஒன்றுண்டு. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு பிணைத்திருக்கும் இவ்வகை வண்டியில், ஸ்பிரிங்கின் மேல் எத்தனை வளையங்களை அடுக்கினாலும், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி ஒரு நூலளவும் உயர்வதில்லை. உடல் ஓங்கி நின்றாலும், யாவற்றினும் தாழ்ந்த அந்த அங்கம் அதே கல்லில் அதே இடத்தில்தான் மோதுகிறது. அதை உயர்த்த வல்லது மண்ணைத் தொடும் டயர் ஒன்றே. அதுவும் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலமே ஏறுகிறது.

மனித வாழ்விலும் இதுவே நியதி என்று நம்புகிறேன். பதவியும் செல்வமும் புகழும் நம்மைப் பிறர் கண்ணுக்கு உயர்த்திக் காட்டும்போது, கோபமோ பொறாமையோ, நம்மிடம் தாழ்ந்த குணம் எதுவோ, அது பழைய உயரத்திலேயே தொங்கிக்கொண்டு, பழைய கல்லையே எதிர்நோக்கி இருக்கிறது. அந்தக் குணத்தைத் தூக்க வல்லது, டயரைப்போல் அனுதினமும் மண்ணில் உரசித் தேயும் நம் நடத்தை ஒன்றே; அதன் வளர்ச்சியோ, செய்த முயற்சியில் பாதியளவே பலன் தரும். எனவே, எளிய விலையில் கிட்டும் உயரத்தை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். அது திறந்துவிட்ட இடத்தில் பெரிய சக்கரம் வந்து அமருமாயின் அது பாக்கியம். அந்த இடம் வெறுமையாகவே இருக்குமாயின், நாம் சம்பாதித்தது சரிவில் கவிழ்வதற்கான வாய்ப்பு மாத்திரமே.