நேற்றைய முடிவும் இன்றைய மறுப்பும்

தனக்கு நல்லது என்று தெளிந்து ஒருவன் முடிவு செய்த செயலைத் தொடங்க வேண்டிய வேளையில் அவனுக்குள்ளிருந்தே எழும் தயக்கத்தை அகத்தடை எனலாம். சோம்பல், அச்சம், சலிப்பு, வேறொன்றின்மேல் பாயும் ஆசை எனப் பல உருவங்களில் அது வரும். வெளியிலிருந்து எவரும் தடுக்காதபோதும் செயல் நின்றுவிடுவதே அவை அனைத்துக்கும் பொதுவான அடையாளம். இத்தடையைக் கடந்து, எடுத்த முடிவின்படி தன்னை நடத்திச் செல்லும் ஆற்றலைத் தன்னொழுங்கு என்று பெயரிட்டு, அதை உயர்ந்த பண்பாகவே நீதிநூல்கள் போற்றி வந்திருக்கின்றன. அந்தப் போற்றுதலில் ஓர் அறக்கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. நேற்று முடிவெடுத்த மனத்திற்கு, இன்று மறுக்கும் மனத்தின்மேல் அதிகாரம் எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒரே மனிதனுடையவை என்னும்போது, முந்தியது என்பதாலேயே ஒன்று ஆள்வதும் பிந்தியது என்பதாலேயே மற்றது அடங்குவதும் எவ்வாறு நியாயமாகும்?

பண்டைய கிரேக்கச் சிந்தனையில் இச்சிக்கல் வேறொரு வாயிலாக நுழைந்தது. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ என்னும் உரையாடலில் வரும் சாக்ரடீஸ், நல்லதை மெய்யாக அறிந்தவன் அதற்கு மாறாக நடக்கவே மாட்டான் என்றும், நடந்தால் அவன் அறியவில்லை என்பதே பொருள் என்றும் வாதிடுகிறார். அன்றாட அனுபவம் அந்த வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்று கண்ட அரிஸ்டாட்டில், ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில், அறிந்தும் தவறும் நிலைக்கு ‘அக்ரசியா’ என்ற பெயரால் விரிவான விளக்கம் தருகிறார். ஆராய்ந்து முடிவு செய்த பின்னும் உணர்ச்சியின் முன் நிற்க இயலாதவனையும், ஆராய்வதற்கு முன்பே உணர்ச்சியால் இழுத்துச் செல்லப்படுபவனையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். தன்னொழுங்கைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுவதுண்டு. ஆனால் அதே பகுதியில், எடுத்த முடிவு எதுவாயினும் அதைப் பற்றிக்கொண்டு நிற்பது நற்பண்பாகாது என்பதையும் அரிஸ்டாட்டில் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று சோஃபக்ளீசின் ‘ஃபிலோக்டெட்டீஸ்’ நாடகத்தில் வரும் நியோப்டாலமஸ் என்ற இளைஞன். நோயுற்றுத் தீவில் கைவிடப்பட்ட ஒருவனைப் பொய் சொல்லி ஏமாற்றும்படி ஒடிசியஸ் அவனை இணங்க வைக்கிறான். வேலையை ஏற்ற பின், பொய் சொல்வதில் எழும் வேதனையைத் தாங்க மாட்டாமல் இளைஞன் பின்வாங்கிவிடுகிறான். அவன் தன் முடிவில் உறுதியாக நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவனுக்குள் எழுந்த மறுப்புதான் அங்கே அறத்தின் பக்கம் நின்றது.

ஆகவே அகத்தடை எப்போதும் பகையும் அன்று, எப்போதும் நட்பும் அன்று. எது எது என்று பிரித்தறிவதில்தான் கடினம் இருக்கிறது. அந்தக் கடினத்தை மோகன்தாஸ் காந்தியின் வாழ்வைப்போல வெளிப்படையாகக் காட்டும் சான்று அரிது. தம் சபதங்களையும் அவற்றின் சறுக்கல்களையும் அவரே தம் தன்வரலாற்றில் எழுதி வைத்திருப்பதால், பிறர் ஊகிக்க வேண்டிய தேவை குறைவு.

1888ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன், தாயின் மனநிறைவுக்காக, பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று காந்தி உறுதி எடுத்தார். லண்டனில், முட்டை புலாலில் சேராது என்று சொல்வாரின் விளக்கம் அவருக்கு வசதியாகக் கிடைத்தது. அதை நம்பிச் சில நாட்கள் முட்டையும் உண்டார். பின்னர், சபதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை அதைச் செய்வித்தவருக்கே உண்டு என்றும், தாயின் எண்ணத்தில் முட்டையும் புலாலே என்றும் முடிவு செய்து அதைக் கைவிட்டார். உறுதிமொழிக்கு இருவகையாகப் பொருள் கொள்ள இடமிருந்தால், இரு தரப்பில் எவர் எளியவரோ அவர் கொண்ட பொருளையே ஏற்க வேண்டும் என்ற விதியையும் அவர் அங்கே வகுத்துக்கொள்கிறார். சட்டத்தின் நுட்பமும் மகனின் அன்பும் கலந்த விதி அது.

1912ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து அவர் பாலை விட்டார். பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். பசுவிடமும் எருமையிடமும் பாலைக் கடைசிச் சொட்டு வரை கறக்கக் கையாளப்பட்ட கொடிய முறைகளைப் பற்றிப் படித்தது மற்றொன்று. 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கும் பணியில் அலைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாய்த்தது. உடல் தேறவே இல்லை. பால் அருந்தாவிட்டால் உடலை மீட்க முடியாது என்று மருத்துவர் தலால் சொன்னபோது காந்தி மறுத்தார். ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று அருகிலிருந்த கஸ்தூரிபா கேட்டார். சபதம் செய்தபோது காந்தியின் நினைவில் இருந்தவை பசுவும் எருமையும் மட்டுமே. அந்த இடைவெளியில் அவர் இணங்கினார். சபதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாக, வாழும் ஆசை வாய்மைப் பற்றை வென்றுவிட்டதாகப் பின்னர் வருந்தி எழுதினார்.

இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தன்னொழுங்கின் ஓர் அமைப்புக் குறை தெரியவரும். முட்டையின் விஷயத்தில் சபதத்துக்குத் தாய் என்ற மற்றொரு தரப்பு இருந்தது. கடலுக்கு அப்பால் இருந்தபோதும் அவருடைய பொருள்கோளே வென்றது. பாலின் விஷயத்திலோ உறுதி கொடுத்தவர், வாங்கியவர், பொருள் சொல்பவர், தீர்ப்பளிப்பவர் அனைவரும் ஒருவரே. தனக்குத் தானே செய்துகொள்ளும் எல்லா முடிவுகளும், விடியலில் எழுவது முதல் குடியை விடுவது வரை, இத்தகைய வழக்கு மன்றத்தில்தான் விசாரிக்கப்படுகின்றன. அங்கே ஒரு முடிவு வெளிப்படையாக முறிவதைவிட, வசதியான விளக்கத்தால் கரைந்துபோவதே அதிகம்.

காந்தியின் வருத்தம் முழுவதும் நியாயமானதுதானா என்பது வேறு கேள்வி. நோயுற்ற உடலின் மறுப்பு வெறும் ஆசையின் குரல் அன்று. அதில் செய்தியும் இருந்தது. சபதம் பிறந்தபோது கணக்கில் இல்லாத ஒன்று, உயிர்போகும் நிலை, இப்போது வந்து நின்றது. நேற்றைய முடிவின் அதிகாரம் அதை ஈன்ற காரணங்களிலிருந்து வருவதே அன்றி அதன் மூப்பிலிருந்து வருவதன்று. ஆகையால் காரணங்களைத் தொடும் புதிய செய்தி எழும்போது முடிவை மறுபடி ஆராய்வது பலவீனம் ஆகாது. முடிவை நேராகத் திருத்தி, திருத்தியதற்குக் காரணம் சொல்லியிருந்தால் காந்தி அந்த வருத்தத்துக்கு ஆளாகியிருக்க வேண்டியதில்லை. அவர் சபதத்தை மாற்றவும் இல்லை, முழுதாகக் காக்கவும் இல்லை. சொல்லின் இடுக்கில் நுழைந்து வெளியேறினார். அவருடைய மனச்சான்று உறுத்தியதும் அந்த இடுக்கில்தான்.

பெரும்பாலான அகத்தடைகளில் இத்தகைய செய்தி ஏதும் இருப்பதில்லை. படிக்க வேண்டியவனின் மறுப்பு, படிப்பு வேண்டாம் என்று வாதிடுவதில்லை. நாளைக்குப் படிக்கலாம் என்றே சொல்கிறது. முடிவை ஏற்றுக்கொண்டே நாளை மட்டும் தள்ளும் மறுப்புக்கும், முடிவின் காரணத்தையே எதிர்க்கும் மறுப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. பின்னதற்குச் செவி கொடுத்தே ஆக வேண்டும். முன்னதோடு வாதாடுவதே வீண்வேலை, ஏனெனில் மறுக்க அங்கே வாதம் எதுவும் இல்லை.

திருக்குறளின் அதிகார வைப்பு இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அடக்கமுடைமை அறத்துப்பாலின் இல்லறவியலில் இருக்கிறது. அவா அறுத்தல் துறவறவியலின் இறுதியில் நிற்கிறது. மடியின்மையோ பொருட்பாலின் அரசியலில், ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. சோம்பலை ஆள்பவனுக்குரிய பகுதியில் பேசியதற்குப் பல விளக்கங்கள் கூடும். பலர் சார்ந்து வாழும் ஒருவனின் சோம்பல் அவனோடு நிற்காது என்பது அவற்றுள் எளியது. அதனை ஏற்றால், நேற்றைய முடிவின் அதிகாரத்துக்கு இரண்டாவதொரு ஊற்றும் கிடைக்கிறது: முடிவை நம்பிப் பிறர் தம் வாழ்வை அமைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு அதன் கட்டுறுதியும் கூடுகிறது. தனக்காக மட்டும் எடுத்த முடிவைக் கைவிடுபவன் தனக்கு இழப்புச் செய்கிறான். மருத்துவமனையின் இரவுப்பணியில் கண்ணயரும் செவிலியர் பிறருக்குத் தீங்கு செய்கிறார். இரண்டையும் ‘ஒழுங்கின்மை’ என்ற ஒரே சொல்லால் கண்டிப்பது அளவறியாக் கண்டனம்.

கண்டனம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்திய சோதனை பரவலாக அறியப்பட்டது: உடனே கிடைக்கும் ஒரு தின்பண்டத்தைத் தொடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. நெடுநேரம் காத்திருந்தோர் பின்னாளில் படிப்பில் சிறந்தனர் என்ற முடிவு, தன்னடக்கமே வாழ்வின் திறவுகோல் என்று பறைசாற்றப் பயன்பட்டது. 2018இல் டைலர் வாட்ஸும் பிறரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு அதை மறுபடி ஆராய்ந்தபோது, தொடர்பு முன்பு கண்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வாக்குக் காப்பாற்றப்படும் வீட்டில் வளரும் குழந்தைக்குக் காத்திருத்தல் அறிவுடைய செயல். நாளை என்பது உறுதியில்லாத வீட்டில் கையில் உள்ளதை உண்பதும் அறிவுடையதே. ஆகவே பிறருடைய தன்னொழுங்கை எடைபோடுபவர் அவர்கள் நின்ற இடத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வருவாய் குறைந்த குடும்பங்கள் இதைக் கோட்பாடு படிக்காமலே அறிந்திருக்கின்றன. கையில் பணம் இருந்தால் ஏதேனும் ஒரு தேவை வந்து அதைக் கொண்டுபோய்விடும் என்று தெரிந்த பெண்கள், தெருவில் பத்துப்பேரோடு சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள். மாதத் தவணை தவறினால் மற்றவர் முகத்தில் விழிக்க முடியாது என்ற நாணமே அங்கே காவல். மன உறுதியை மட்டும் நம்பாமல், உறுதி தளரும் நேரத்தையும் முன்கூட்டியே கருதிச் செய்த ஏற்பாடு இது. இதனைத் தாழ்ந்த வகைத் தன்னொழுங்கு என்று கருதுவோர் உண்டு; ஆனால் தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு, பொருள் சொல்லும் உரிமையில் பாதியைப் பிறரிடம் ஒப்படைப்பவர், லண்டனில் காந்தியைக் காத்த அதே காவலைத்தான் தேடிக்கொள்கிறார்.

பிறரைச் சாட்சியாக வைப்பது ஒன்று. தன் சபதத்துக்குப் பிறரை உட்படுத்துவது முற்றிலும் வேறு. 1902 அளவில் பம்பாயில், பத்து வயது மகன் மணிலாலுக்கு நச்சுக்காய்ச்சல் கண்டபோது, முட்டையும் கோழிச்சாறும் தரச் சொன்ன மருத்துவரின் அறிவுரையைக் காந்தி ஏற்கவில்லை. தொட்டிக்குளியலும் ஈரத்துணிச் சுற்றும் கொண்டு தாமே மருத்துவம் பார்த்தார். தன் பிடிவாதங்களைப் பிள்ளைகள்மீது சுமத்தப் பெற்றோருக்கு என்ன உரிமை என்று அந்நாட்களில் மனம் தம்மை அரித்ததை அவரே எழுதியிருக்கிறார். மகனிடமும் கேட்டார்; தந்தையின் மருத்துவமே போதும் என்றான் சிறுவன். காய்ச்சலில் கிடக்கும் பத்து வயதுப் பிள்ளை தந்தையிடம் தரும் அந்த இசைவுக்கு அதிக எடை கொடுக்க முடியாது. தம் உடலைப் பணயம் வைத்துப் பாலை மறுத்தபோது காந்திக்கு இருந்த உரிமை, மகனின் படுக்கையருகே அவருக்கு இல்லை. மணிலால் பிழைத்தெழுந்தது அந்த உரிமையை அவருக்குப் பின்தேதியிட்டு வழங்கிவிடவும் இல்லை.