குளியலும் துயரமும்

மனஅழுத்தம் தணிய எப்சம் உப்பைக் கரைத்த வெந்நீரில் அமிழ்ந்திருக்குமாறு இன்று பலர் அறிவுரை கூறுகின்றனர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்றால் பெயர்பெற்ற இவ்வுப்பு மக்னீசியம் சல்ஃபேட்டேயாகும். அது தோல்வழியே போதிய அளவு உட்செல்கிறது என்பதற்கு உறுதியான சான்றில்லை. வெம்மை தசைகளைத் தளர்த்துவது உண்மை. நம் கேள்வி வேறு: உள்ளத்தின் பாரத்தை உடலின் வழியே இறக்கிவைக்க முயல்வது விசுவாசக் குறைவா?

ஆம் என்றே நம்முள் பலர் எண்ணுகிறோம். நொந்து வந்தவரிடம், "செபியுங்கள், சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிய குருக்கள் நாம்.

புனித தோமா அக்குவினாரோ துயரத்தின் மருந்துகளை ஆராய்கையில், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு உறக்கத்தையும் குளியலையும் கூச்சமின்றிச் சேர்க்கிறார். துயரம் உடலின் உயிரியக்கத்தை ஒடுக்குகிறது. ஆகவே உடலை அதன் இயல்புநிலைக்கு மீட்பது எதுவும் துயரத்திற்கு எதிரானது என்பது அவர் வாதம்.

இதற்கு அவர் சாட்சியாக அழைப்பது புனித அகுஸ்தினாரை. 387இல் ஓஸ்தியாவில் அன்னை மோனிக்கா இறந்தபோது கண்ணீரை அடக்கிக்கொண்ட மகன், குளியல் கவலையைப் போக்கும் எனக் கேள்விப்பட்டுக் குளித்தார். பயனில்லை. (இத்தோல்வியை மட்டும் அக்குவினார் எடுத்துக்காட்டாமல் விட்டது நமக்குப் புன்னகை தருகிறது.) பின்னர் உறங்கி விழித்தபோது துயரம் கணிசமாக இளகியிருந்தது. அதன்பின்னரே, இறைவன் திருமுன் தனித்திருந்து, தம் தாய்க்காக அழுதார்.