பகலில் முனி எங்கே போகும்?

இருட்டினால் புளியமரத்தடிப் பக்கம் போகாதே, முனி அடித்துவிடும் என்று மத்திகிரிப் பக்கம் பிள்ளைகளை மிரட்டுகிறோம். விடிந்ததும் அதே மரத்தடியில் புளி பொறுக்க அதே பிள்ளைகளை அனுப்புகிறோம். "பகல்ல முனி எங்கம்மா போகும்?" என்று கேட்கிற குழந்தையை அதட்டாதீர்கள். கையில் டார்ச்சைக் கொடுத்து, கூடவே நடந்து போங்கள். கிளையில் மின்னுவது ஆந்தையின் கண்தானா என்று குழந்தையே பார்க்கட்டும்.

இப்படித் தானே போய்ப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், பேய் வீடு என்று பேர்போன இடங்களில் படுத்து உறங்கியவர். இயற்கைக்கு மீறிய சக்தியை மோசடியில்லாமல் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாராலும் வாங்க முடியவில்லை.