பாம்பு வராத பள்ளிக்கூடம்

கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் ஒரு மாலை நேரம். பெரியவர்கள் வலைகளின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஐந்தாறு பேர் படகின் நிழலில் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். என் கையில் ஒரு படக்கதைப் புத்தகம். ஜை விட்டேக்கர் எழுதி, சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது.

கதை சிறியதுதான். காளி என்பவன் இருளர் வீட்டுப் பிள்ளை. தகப்பனுக்குப் பாம்பு பிடிக்கும் தொழில். பள்ளிக்கூடத்தில் காளியோடு சிநேகம் கொள்வார் இல்லை. ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று வகுப்புக்குள் புகுந்துவிடுகிறது. எல்லோரும் நடுங்குகிறார்கள். காளி போய் அதைப் பிடித்துவிடுகிறான். அன்று முதல் எல்லோருக்கும் அவன் வேண்டியவன்.

குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் தட்டவில்லை.

"ஏன் தாத்தா, பாம்பு வராமலே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

இருட்டிவிட்டது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். உண்மையில் அவ்வளவாக இருட்டவில்லை.

சிறு வயதில் என் பெஞ்சில் ஒரு மீனவர் வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் சோற்றுத் தூக்கைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். நான் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். அவனைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. வெறும் ஒரு சாண்தான். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. அவனைக் காப்பாற்ற எங்கள் வகுப்புக்குப் பாம்பு ஒன்றும் வரவில்லை.

காளியின் கதையில் பொய் இல்லை. உலகம் அப்படித்தான் நடக்கிறது. 1978இல் சென்னைக்கு அருகே இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பின் நஞ்சை எடுத்துத் தரத் தொடங்கினார்கள். நஞ்சுமுறிவு மருந்து அதிலிருந்து தயாராகிறது. எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் பாம்பைக் கண்டால் பயந்து ஓடுகிற இருளர் குழந்தையும் ஒன்று இருக்குமல்லவா? அதன் பக்கத்தில் யார் உட்காருவது? திறமையைக் கட்டணமாகக் கட்டித்தான் ஒரு குழந்தை பெஞ்சில் இடம் வாங்க வேண்டுமா?

ஒதுக்குவது ஒரு தூரம் என்றால், உயரத்தில் தூக்கி வைப்பதும் ஒரு தூரம்தான். இதற்குச் சாட்சி காரைக்காலிலேயே இருக்கிறது. புனிதவதியின் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்ட பரமதத்தன் என்ன செய்தான்? அஞ்சினான். கப்பலேறிப் போனான். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: அவளோடு மறுபடி ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட அவனால் முடியவில்லையே! அவள் தெய்வமானாள், அவளுக்கு வீடு இல்லாமல் போயிற்று. ஆண்டுதோறும் மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிற நாம் அந்த வீட்டை நினைப்பதுண்டா?

குழந்தைகளுக்குப் படம் போட்டுக் கதை சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அதிசயம் ஒன்றும் நடக்காத ஒரு பக்கமும் வேண்டும். ஒரு பெஞ்சு, இரண்டு பிள்ளைகள், திறந்த இரண்டு சோற்றுத் தூக்குகள். ஒன்றில் தயிர்ச்சோறு, ஒன்றில் கருவாடு. அவ்வளவே போதும்.

அந்தச் சிறுமிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும்போது சொல்லிவிடுவேன்: "பாம்பு வரவில்லை, அம்மா. பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பையன் நான்தான்."