நோயாளியின் முறையீடும் சபூரும்

தீராப் பிணியுற்றோரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் எடுத்துச் செல்கின்றனர். ‘சபூர் செய்யுங்கள்’ என்பதே அச்சொல். காய்ச்சல் கண்டவருக்கு அது ஒரு வாரத்து ஆறுதல். நீரிழிவு கண்டவருக்கோ வாழ்நாள் முழுதும் அதுவே மருந்து. பத்தாம் ஆண்டிலும் அதனையே கேட்கும் நோயாளி, ‘இனி வாய் திறவாதீர்’ என்பதே அதன் பொருளெனக் கொண்டுவிடுகிறார். பொறுமை என்பது வாய் மூடியிருத்தல்தானா?

அரபியில் ‘ஸப்ர்’ என்பதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாகும். உள்ளத்தை நிலைகுலைவினின்றும், நாவை முறையீட்டினின்றும் தடுத்தலே பொறுமை என நம் நூலோர் விளக்கினர். இதை மறைப்பதற்கில்லை. ஆயின் இறைவனைக் குறைகூறி மனிதரிடம் முறையிடுவது வேறு, இறைவனிடமே முறையிடுவது வேறு என்று பிரித்தவர்களும் அவர்களே. சிகிச்சை நாடி மருத்துவரிடம் தன் நிலையைச் சொல்லுதல் பொறுமைக்குப் பழுதன்று என்றும் எழுதி வைத்தனர். இந்தப் பிற்பகுதி ஏனோ நம் மேடைகளில் ஒலிப்பதில்லை.

நபி ஐயூப் (அலை) அவர்களைப் பொறுமையாளர் எனப் புகழும் திருமறைதான், தம்மைத் துன்பம் தீண்டியதென அவர்கள் இறைவனை அழைத்ததையும் பதிந்து வைத்துள்ளது. அழகிய பொறுமையைத் தம் வழியாகக் கொண்ட நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்களோ துயரத்தால் வெளுத்துப் போயின. துயருறுதல் ஈமானின் குறைவு என்போர் இவ்விரு வரலாறுகளையும் எங்கே வைப்பர்?

உள்ளமும் நோயுறும் என்பது மேனாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் நம்மிடையே உளர். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல், உள்ளம் இரண்டின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர். சினம், அச்சம், துயர், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்கள் வகுத்தார். உடல் நலிந்தால் உள்ளமும், உள்ளம் நலிந்தால் உடலும் வாடும் என்றார். நலமாயிருக்கும் காலத்திலேயே நல்லெண்ணங்களை மருந்துபோல் சேமித்து வைக்கச் சொன்னார். துயரில் அமிழ்ந்தவனுக்குத் தன் அறிவு மட்டும் போதாது, பிறர் அறிவுரையும் வேண்டும் என்பதும் அவர் கருத்தே.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. அவர்களுள் மனச்சோர்வு பிறரைவிட மிகுதி. நாள்தோறும் ஊசி, அளந்த சோறு, கண்ணும் சிறுநீரகமும் என்னாகுமோ என்ற அச்சம்; சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார்; சர்க்கரை ஏறுகிறது; ஏறக்கண்டு மேலும் சோர்கிறார். ரமலானில் நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்க, மருத்துவர் நோன்பைத் தடுத்த பெரியவர் பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் அறைக்குள் சென்று தண்ணீர் குடிக்கிறார். இறைவன் தந்த சலுகைக்கு அண்டை வீட்டார் கணக்குக் கேட்பதை என்னென்பது!

நோயாளியைக் காணச் செல்வது நபிவழி. சென்றவர் ஒருமுறையேனும், ‘இரவில் உறக்கம் வருகிறதா?’ என்று கேட்டு, விடை வரும்வரை அமர்ந்திருக்கலாம். வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவில் ருசியில்லை, எதிலும் நாட்டமில்லை என்று அவர் சொன்னால், கையோடு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். கண் மங்கினால் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாம் எவரும் வெட்கப்படுவதில்லை.