இதைத் தீர்மானிப்பவர் யார்?

பலர் கூடிச் செய்யும் வேலை பிழைத்துப் போனால் அங்கே முதலில் எழும் கேள்வி, "யார் சொல்லிச் செய்தது?" என்பதாகும். அதே கேள்வி வேலை தொடங்குமுன் எழுந்திருந்தால் பல பிழைகள் நேர்ந்தேயிரா. ஆனால் தொடக்கத்தில் அதைக் கேட்க எமக்குக் கூச்சம். "எல்லாருமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையாக அது முடிகிறது. இதை நிர்வாகிகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவோர் பலர். உண்மையில் இது மனச்சாட்சியைத் தொடும் நீதிப் பிரச்சினை.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். களஞ்சியத்தின் கூரை ஒழுகுகிறது. களஞ்சியக் காப்பாளர் முகாமையாளரிடம் அறிவிக்கிறார். திருத்துவதற்குப் பணம் ஒதுக்குவது தலைவரின் வேலை என்று முகாமையாளர் எண்ணுகிறார். பணிப்பாளர் சபை கூடட்டும் என்று தலைவர் காத்திருக்கிறார். சபையோ, சில்லறைத் திருத்தங்களை முகாமையாளரே பார்த்துக்கொள்வார் என்று அதைப் பேசாமலே விடுகிறது. மாரி வருகிறது, மா மூடைகள் நனைந்து பழுதாகின்றன. விசாரணையின் முடிவில் யாருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள்? பெரும்பாலும் காப்பாளரின் சம்பளத்தில்தான். தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தண்டனை மட்டும் அவருக்கு.

எமது ஆண்டவரின் பாடுகளை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். கயபாவிடமிருந்து பிலாத்துவிடம், பிலாத்துவிடமிருந்து ஏரோதுவிடம், மீண்டும் பிலாத்துவிடம் என்று அவர் அலைக்கழிக்கப்படுகிறார். அவர் கலிலேயர் என்று அறிந்தவுடன் பிலாத்து அவரை ஏரோதுவிடம் அனுப்பிவிட்டதை லூக்கா எழுதுகிறார். விடுவிக்கும் அதிகாரம் பிலாத்துவிடம் இருந்தது. அவரிடம் குற்றமில்லை என்றும் அவன் கண்டான். ஆயினும் தீர்மானத்தைக் கூட்டத்தின் தலையில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கை கழுவினான். பொறுப்புக் கைக்குக் கை மாறும் இடங்களில் அதன் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் குற்றமற்றவரே.

ஆதித் திருச்சபை வேறு வழி காட்டியது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அப்போஸ்தலர் பன்னிருவரும் "எல்லாரும் கவனமாயிருங்கள்" என்று பொதுவாகப் புத்தி சொல்லி அனுப்பிவிடவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சீடர்களைக் கேட்டார்கள். தெரிவானவர்கள்மீது கைகளை வைத்துச் செபித்து, அப்பணியை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரத்தில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அதன்பின், பசியோடிருக்கும் கைம்பெண்ணுக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுப்பது எளியவருக்குச் செய்யும் நீதியாகும்.

"ஒருவரைத் தீர்மானிப்பவர் என்று குறித்துவிட்டால் அவர் சர்வாதிகாரியாகிவிட மாட்டாரா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தமது துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 3ஆம் அதிகாரம் இதற்கு மறுமொழி தருகிறது. முக்கியமான காரியம் வரும்போது மடாதிபதி எல்லாத் துறவிகளையும் கூட்டி, வயதில் இளையவரின் கருத்தையும் கேட்கவேண்டும். அதன்பின் தீர்மானிப்பது மடாதிபதியின் பொறுப்பு. சிறு காரியங்களுக்கு மூத்தோரின் ஆலோசனை போதும். ஆலோசனை சொல்வது வேறு, தீர்மானிப்பது வேறு. ஆனால் கேளாமல் தீர்மானிக்க மடாதிபதிக்கும் உரிமையில்லை.

தீர்மானிப்பவர் யாரென்று சொல்லப்படாத இடத்தில் சமத்துவம் நிலவுகிறது என்று நாம் ஏமாறக்கூடாது. அங்கே உரத்துப் பேசுபவரோ, முதலாளிக்கு வேண்டியவரோ மறைவில் தீர்மானிக்கிறார். அவரிடம் எவரும் கணக்குக் கேட்க முடியாது.

கேட்கும் கடமை தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் ஒரு துயரச் சான்று. 1986 ஜனவரி 28ஆந் திகதி, புறப்பட்ட 73 விநாடிகளில் அது சிதறி எழுவர் மாண்டனர். கடுங்குளிரில் உந்துகணைப் பொருத்துகளிலுள்ள இறப்பர் வளையங்கள் சரியாக மூடாமற் போகலாம் என்று, கணையைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தார்கள். முதலில் அதை ஏற்ற நிறுவன முகாமையாளர்கள் பின்னர் மாறிச் சம்மதம் கொடுத்தனர். பயணத்துக்கு இறுதி அனுமதி வழங்கியவர்களுக்கு அந்த முதல் எதிர்ப்பு தெரியாது என்பதை வில்லியம் றோஜர்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அறிந்தவர்கள் இருந்தார்கள், தீர்மானிப்பவர்களும் இருந்தார்கள். அறிந்தவரின் சொல் தீர்மானிப்பவரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

தீர்மானிக்கும் உரிமை எங்கே இருக்கவேண்டும் என்பதற்கும் திருச்சபையின் சமூகப் போதனையில் வழிகாட்டல் உண்டு. கீழுள்ள சிறிய அமைப்பால் செய்யக்கூடியதை மேலுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில் போதித்தார். சமுதாயத்தையும் அரசையும் பற்றிச் சொல்லப்பட்ட அந்த நியாயம் தொழிலகத்துக்கும் பொருந்தும். ஒரு குறித்த தொகைக்கு உட்பட்ட திருத்தத்தை நீரே செய்விக்கலாம் என்று களஞ்சியக் காப்பாளருக்கு முன்கூட்டியே அனுமதி இருந்திருந்தால், மழைக்கு முன்னரே கூரை திருந்தியிருக்கும். பொறுப்பைச் சுமப்பவருக்கு அதற்கேற்ற அதிகாரமும் கொடுக்கப்படவேண்டும்.

மேலதிகாரியாயிருப்பவரும், சாதாரண ஊழியரும், கோயில் திருவிழாக் குழுவில் இருப்பவரும் கூட்டம் கலையுமுன் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதைத் தீர்மானிப்பவர் யார்? அதற்குமுன் அவர் யாரைக் கேட்கவேண்டும்? செய்து முடிப்பவர் யார்? யாருக்கு அறிவிக்கவேண்டும்? விடைகளைக் கூட்டக் குறிப்பிலே எழுதிவைத்தால், எளியவர்மீது வீண்பழி விழாது. பிழை நேர்ந்தால், "தீர்மானித்தவன் நான்" என்று சபையில் எழுந்து சொல்லும் துணிவும் பொறுப்பாளருக்கு வேண்டும்.

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதெல்லாம் போஞ்சு பிலாத்துவின் பெயரையும் நாம் சொல்கிறோம். அவன் அன்று கை கழுவிய தண்ணீர் அவனுடைய பொறுப்பைக் கழுவிவிடவில்லை. எமக்குத் தரப்பட்ட தீர்மானங்களை நாமும் அப்படிக் கழுவிவிட முடியாது.