வாசற்படியைச் செப்பனிடுவோருக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரத்து ஊர்கள் பலவற்றில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நாளில் பெட்டியையும் படுக்கையையும் கிதாபுகளையும் தூக்கி மேலே வைத்துவிடலாம். வாசற்படியைத் தூக்கி வைக்க முடியுமா? தண்ணீர் வடியும்வரை அது ஊறிக்கொண்டே கிடக்கிறது. அதைச் செப்பனிடுவதில் மார்க்கம் நமக்குக் கற்பிப்பது என்ன என்பதைச் சிறிது சிந்திப்போம்.

வாசற்படியைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் வந்துள்ளது. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது மகனார் இஸ்மாயீல் (அலை) அவர்கள் வீட்டில் இல்லை. மருமகளோ கஷ்டத்தை மட்டுமே அடுக்கினார். வாசற்படியை மாற்றிவிடும்படி மகனாரிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னொரு முறை வந்தபோது வேறொரு மருமகள் இருந்தார். அவர் நலமாக இருப்பதாகச் சொல்லி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். வாசற்படியை நிலைநிறுத்திக் கொள்ளுமாறு சொல்லியனுப்பினார்கள். இங்கே படி என்றது இல்லத்தரசியை. வீட்டின் நிலை, வாசலுக்கு வந்தவரிடம் பேசும் பேச்சில் தெரிந்துவிடுகிறது! வெள்ளத்தில் இழந்தவர் உதவி கேட்பது குற்றமல்ல. மிஞ்சியதற்கு ஒரு ஷுக்ரும் இல்லாமல் புலம்புவதே குற்றம். படி கெட்டதைச் சகுனமாக்கி, வாசல் சரியில்லை என்று பேசுவதும் நமக்கு ஆகாது. சகுனம் பார்ப்பதை ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஊறிய மரத்துக்கு வேண்டியது ஆசாரியின் உளியே தவிர தாயத்து அல்ல.

முதலில் சுத்தம். கழிவுநீர் கலந்த வெள்ளமாயின் சேற்றை வழித்தெடுத்துவிட்டு, அசுத்தத்தின் உருவும் நிறமும் வாடையும் நீங்கும்வரை சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எவ்வளவு கழுவியும் போகாத கறை மன்னிக்கப்பட்டது என்பது ஃபிக்ஹுடைய சட்டம். அதற்குமேல் வஸ்வாஸ் வேண்டாம்.

அடுத்தது பொறுமை. ஊறிய மரம் உப்பும், கதவு பிடிக்கும். உடனே இழைத்துவிட்டால் காய்ந்த பிறகு இடுக்கு விழும். நெருப்புக் காட்டினால் மரம் வெடிக்கும். காற்றோட்டத்தில் நன்றாகக் காய விடுங்கள். பிறகு நிலைக்கால் படியோடு சேரும் இடத்தை ஆணி முனையால் குத்திப் பாருங்கள். மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை அதிகம் குடிப்பதால் இற்றுப்போவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆணி எளிதில் இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்து, அதே கனத்தில் நல்ல மரத்துண்டு சேர்த்து, மண்ணிலும் சிமென்டிலும் பதியும் பக்கத்துக்குத் தார் பூச வேண்டும். உள்ளே இற்றிருக்க மேலே மக்கு அடைத்துப் பெயின்ட் அடிப்பது பிறரை ஏமாற்றுவதாகும். வாடகைக்கு விடும் வீட்டில் இப்படிச் செய்வோர் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும். ஆசாரியின் கூலியையும் நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுக்கக் கூடாது. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஹதீஸில் ஏவப்பட்டுள்ளது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று. வெள்ளம் கண்டவர் படியை உயர்த்த நினைப்பது இயற்கை. தம் எல்லைக்குள் உயர்த்துவதில் தவறுமில்லை. ஆனால், படியோடு வாசல் முற்றத்தையும் மண் கொட்டி மேடாக்கி, தெருச் சாக்கடையின் மேல் படிக்கட்டை இறக்கிவிட்டால், நம் வீட்டுக்குள் வர இருந்த தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்குத்தானே! அங்கே ஒரு விதவையோ, வயோதிகரோ இருக்கலாம். படி உயர்த்த அவர்களிடம் பணம் இல்லாமலும் இருக்கலாம். நாம் தஹஜ்ஜுதில் நின்று மழையின் தீங்கிலிருந்து பாதுகாப்புக் கேட்கிறோம். நம் சிமென்டோ அந்தத் தீங்கை அடுத்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது! யாருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டாருக்கு அபயமில்லையோ அவர் முஃமின் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சத்தியமிட்டுச் சொன்னதை மறந்துவிடலாமா?

ஆகவே, ஆசாரியையும் கொத்தனாரையும் அழைக்குமுன் அண்டை வீட்டாரை அழைத்துக் கலந்து பேசுங்கள். தண்ணீர் போகும் வழியைத் தெருவாரெல்லாம் சேர்ந்து திறந்து விடுங்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் படியைச் செப்பனிடும்போதே, இல்லாதவர் வீட்டுப் படியையும் அதே ஆசாரியைக் கொண்டு செப்பனிட்டுக் கொடுங்கள். வந்திறங்கிய மரத்தில் மிஞ்சும் துண்டே சில வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கும்.

நம் வாசல்களை ஸலாமின் வாசல்களாகவும், அண்டை வீட்டாருக்கு அபயமளிக்கும் வாசல்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.